கண் நகரும் சத்தம்

என் கண் நகர்வது எனக்குக் கேட்கும்.

அழகுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்கும். இடப்பக்கம் பார்த்தால் ஒரு சத்தம், வலப்பக்கம் பார்த்தால் ஒரு சத்தம். யாரோ மர நாற்காலியைச் சிமெண்டுத் தரையில் மெதுவாக இழுக்கிற மாதிரி. ஈப்போவில் எங்கள் பிளாட் மூன்றாம் மாடி. முதல் இரண்டு வாரம் மேல்வீட்டுக்காரர்தான் சாமான் நகர்த்துகிறார் என்று நினைத்து, ஒருநாள் படியேறிப் போய்க் கதவைத் தட்டியே விட்டேன். ஒரு சீன அங்கிள் பல்குச்சியைக் கடித்தபடி திறந்தார். உள்ளே ஒரு சோபா, ஒரு டிவி, ஒரு பூனை. நாற்காலியே இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பும்போது பூனையைப் பார்த்தேன், பிறகு படிக்கட்டைப் பார்த்தேன். நாற்காலி இழுபட்டது.

அதற்கு முந்தைய மாதம் எனக்குப் பொல்லாத இருமல். ஒருநாள் குளியலறையில் குனிந்து இருமியபோது வலது காதுக்குள் 'டப்' என்று ஏதோ திறந்துகொண்ட மாதிரி இருந்தது. வலி இல்லை. இருமல் ஒரு வாரத்தில் போய்விட்டது, காதுக்குள் வந்தது மட்டும் போகவில்லை. நான் வேலை செய்வது கால் சென்டரில். டிகிரி முடித்துக் கிடைத்த முதல் வேலை. மலாய், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் நாள் முழுக்கப் பேச வேண்டும். பேசும் ஒவ்வொரு வார்த்தையும், காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல் மண்டைக்குள்ளேயே முழங்கியது. முறுக்கைக் கடித்தால் எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழாது. நாடி துடிப்பது கேட்டது. குதிகால் தரையில் படுவது கேட்டது. பக்கத்து சீட்டுத் தோழியிடம் சொன்னேன்.

"நீ ரோபோ ஆயிட்ட லா. சர்வீசுக்கு அனுப்பணும்," என்றாள்.

சிரித்தேன். சிரிப்பும் தொட்டிக்குள் கேட்டது.

அந்த நிலையில்தான் கோயில் திருவிழா வந்தது. தாப்பா டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பழைய ரப்பர் தோட்டம் அது. இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. அம்மா பிறந்த லயத்து வீடுகளை இடித்துப் பல வருஷம் ஆகிறது. காளியம்மன் கோயில் மட்டும் மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் ஈப்போ, கமுந்திங், ஆயர் தாவார் என்று சிதறிப்போன குடும்பங்கள் காடி எடுத்துக்கொண்டு வந்து சேரும்.

காடியைத் தார் ரோட்டோரம் விட்டுவிட்டுச் செம்பனைக்கு நடுவில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். அம்மாவும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டே பின்தங்கினேன். எனக்குப் பின்னால் யாரோ நடந்து வந்தார்கள். கனத்த கால். திரும்பினேன். பாதை காலி. நான் நின்றேன், அதுவும் நின்றது. இரண்டடி வைத்தேன், அதுவும் இரண்டடி வைத்தது. அது என் சொந்தக் குதிகால் என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. பட்டப்பகலிலும் அந்த ஓலைகளுக்குக் கீழே ஒரு பச்சை இருட்டு இருக்கும். போனைப் பையில் போட்டுவிட்டு ஓடினேன். அதுவும் ஓடி வந்தது.

கோயிலில் என் அண்ணன் உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். பகலில் லோரி ஓட்டுகிறவன், சனி ஞாயிறில் உருமி மேளக் குழு. உருமியின் ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்த்தால், மாடு அடிவயிற்றிலிருந்து முனகுகிற மாதிரி ஒரு ஒலி வரும். சின்ன வயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்த ஒலி. அவன் முதல் தேய்ப்புத் தேய்த்தான்.

அம்மன் சிலை நகர்ந்தது.

மேலே ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, திரும்ப வந்து நின்றது. அண்ணன் மறுபடி தேய்த்தான், அவள் மறுபடி சாய்ந்தாள். விளக்கு, மாலை, பூசாரி, கூரை எல்லாம் அவளோடு சேர்ந்து சாய்ந்தன. நான் பக்கத்தில் இருந்தவரின் சட்டையைப் பிடித்தேன். கால் என்னிடம் இல்லை. தரை என்னைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைப்பதுபோல் இருந்தது. யாரோ ஒரு பெண் கத்தினார்: "வந்துருச்சு! வந்துருச்சு!" குலவை எழுந்தது. குழு இன்னும் வேகமாக அடித்தது. அதுதானே வழக்கம், சாமி வந்தால் மேளத்தை ஏற்ற வேண்டும். என் இடுப்பில் மஞ்சள் துணி கட்டினார்கள், கையில் வேப்பிலை திணித்தார்கள்.

பூசாரி முகத்துக்கு நேரே வந்து கேட்டார். "யாரும்மா வந்திருக்கிறது? என்ன சொல்ல வந்த? சொல்லு தாயே!"

"சாயுது," என்றேன். "சாயுது, சாயுது, பிடிங்க…"

பிறகு வாந்தி எடுத்தேன். அதையும் நல்ல சகுனம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான்காம் நாள் கோயிலுக்குப் பின்னால் இருந்த பெரிய மரம் சாய்ந்தது. சமையல் கொட்டகை தரைமட்டம். உள்ளே ஆள் இல்லை. அந்த மரம் வேர் அழுகி இரண்டு மழைக்காலமாக நின்றுகொண்டிருந்தது, வெட்ட வேண்டும் என்று கமிட்டியே பேசியிருக்கிறது. அதையெல்லாம் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நான் சொன்னது மட்டும்தான் வாட்ஸ்அப்பில் சுற்றியது.

அந்தக் கோயிலில் சாமியாடிக் குறி சொல்லி வந்த ஓர் அம்மா மூன்று வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டார். அந்த இடம் காலியாகவே இருந்தது. பூசாரி எங்கள் பிளாட்டுக்கே வந்தார். லிப்ட் வேலை செய்யாததால் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்து, அம்மா கொடுத்த மைலோவைக் குடித்தார்.

"அவளே தேடிக்கிட்டா. நாம என்னா செய்ய முடியும்? அடுத்த திருவிழாவுக்குக் காப்பு கட்டிரலாம், மா."

"கட்டுனா?" என்றேன்.

"கட்டுனா கட்டுனதுதான். உன் காலம் முடியிற வரைக்கும் நீதான்."

"எனக்கு வேலை இருக்கு மாமா."

"சாமி எம்.சி. லீவெல்லாம் கேக்காது, மா," என்று அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பயமும் பெருமையும் கலந்த அந்தப் பார்வையை இருபத்துமூன்று வருஷத்தில் அம்மா எனக்குத் தந்ததில்லை. பரீட்சையில் பாஸ் செய்தபோதுகூட.

நான் கடவுளை நம்பாதவள் இல்லை. ஆனால் என் காதுக்குள் இருப்பது கடவுளா, காதா என்று தெரியாமல் கையில் காப்பு ஏற விடமாட்டேன் என்று முடிவு செய்தேன். கிளினிக்கில் சூராட் என்கிற சிபாரிசுக் கடிதம் வாங்கி, தேதிக்குச் சில மாதம் காத்திருந்து, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அங்கேதான் முதல் தப்பைச் செய்தேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் தமிழர், ஐம்பது வயதிருக்கும், அமைதியான மனிதர். நான் நாற்காலிச் சத்தம், தொட்டிச் சத்தம் எல்லாம் சொன்னேன். தட்டச்சு செய்துகொண்டே தலையாட்டினார்.

"மயக்கம் எப்ப வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "மயக்கம் இல்ல டாக்டர். சாமி வந்துச்சு. உருமி அடிச்சாங்க, உடனே வந்துருச்சு. மரம் சாயப்போறத முன்கூட்டியே சொல்லிட்டா!"

டாக்டரின் விரல்கள் நின்றன. பிறகு முன்னைவிட வேகமாக அடித்தன. கம்ப்யூட்டர் திரையை நான் எட்டிப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே மலாயில் 'கெராசுக்கான்' என்று விழுந்திருந்தது. ஆவி பிடித்த நிலை. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் என் காதைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். வீட்டில் பிரச்சினை உண்டா, காதல் கீதல் உண்டா, தூக்கம் வருகிறதா. போகிற போக்கில் தலைக்கு ஒரு ஸ்கேனும் கேட்கும் திறன் சோதனையும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அம்மாவிடம் கத்தினேன். "ஏன் மா அதையெல்லாம் சொன்ன?"

"டாக்டர்கிட்ட பொய் சொல்லக் கூடாதுன்னு நீதானடி சொல்லுவ?"

ஸ்கேன் சீட்டைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தேன்.

ஸ்கேனுக்கும் ரிசல்ட்டுக்கும் காத்திருந்த மாதங்களில் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வேலை கிடைக்குமா, கல்யாணம் கூடுமா. அம்மா உள்ளே விடுவார், நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவேன். ஒரு சனிக்கிழமை ஆயர் தாவாரிலிருந்து ஓர் ஆண்ட்டி வந்தார். அவரிடம் மட்டும் தப்பிக்க முடியவில்லை. கையில் ஒரு பையனின் பாஸ்போர்ட் சைஸ் படம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன், ஒன்பது மாதமாகப் போன் இல்லை.

"எங்க இருக்கான்னு சொல்ல வேணாம். இருக்கானான்னு மட்டும் சொல்லு, போதும்."

"ஆண்ட்டி, சத்தியமா எனக்கு ஒன்னும் தெரியாது."

அதே நேரம் கீழே ரோட்டில் எவனோ சைலன்சர் இல்லாத மோட்டோரை உறுமவிட்டுக்கொண்டு போனான். ஆண்ட்டி என் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"நீ தெரியாதுங்கிற. உன் கண்ணு தனியா ஆடுது, மா."

அவர் அழுதுகொண்டே போனார். போகும்போது படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதை என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவர் சொன்னது மண்டையில் நின்றது. குளியலறைக் கண்ணாடி முன் நின்றேன். போனில் ஒரே சுருதியில் ஒலி எழுப்பும் ஆப் ஒன்றை இறக்கி, வலது காதில் இயர்போனை வைத்து, தாழ்ந்த சுருதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஒரு இடத்தில் என் கண்கள் மேலே போயின.

நான் போகச் சொல்லவில்லை. யாரோ நூல் கட்டி இழுத்தது மாதிரி மெதுவாக மேலேறி, கொஞ்சம் சுழன்று நின்றன. ஒலியை நிறுத்தினேன். இறங்கி வந்து என்னைப் பார்த்தன. மறுபடி போட்டேன், மறுபடி போயின. உங்கள் கண்ணே உங்களைக் கேட்காமல் வேறெங்கோ பார்ப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வாஷ்பேசினில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து அறையில் அம்மா சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், ஆப் மட்டும் இல்லையென்றால் நம்பியிருப்பேன். காளி ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு மட்டும் வந்து, பட்டனைத் தட்டினால் போய்விடுவாளா?

அதை வீடியோ எடுத்தேன். பிறகு தேடினேன். உள்காதின் மேல் ஒரு மெல்லிய எலும்புக் கூரை இருக்கும். சிலருக்கு அதில் ஓட்டை விழும். விழுந்தால் கண் நகர்வது கேட்கும், குதிகால் கேட்கும், பெரிய சத்தத்துக்கு உலகம் சாயும். என்னைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதியது போல் இருந்தது. சாதாரணத் தலை ஸ்கேனில் அந்த ஓட்டை தப்பிவிடும், காது எலும்பை மட்டும் மெல்லிய மெல்லிய சீவலாக எடுக்கிற ஸ்கேன் வேண்டும் என்றும் இருந்தது. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, இந்த முறை தனியாகப் போனேன்.

"எல்லாம் நார்மல்," என்றார் டாக்டர், நான் உட்காருவதற்குள். "தலை ஸ்கேன் நார்மல். காது, சொல்லப்போனா, மத்தவங்கள விட நல்லாவே கேக்குது உனக்கு."

"அதான் டாக்டர் பிரச்சினையே. கேக்கக் கூடாததெல்லாம் கேக்குது." பிரிண்ட்டை நீட்டினேன். "இந்த ஸ்கேன் வேணும்."

அவர் தொடவில்லை. "கூகிள்ல படிச்சா எல்லாருக்கும் எல்லா வியாதியும் இருக்கும், மா. இது ரொம்ப அபூர்வம். சும்மா சும்மா கதிர்வீச்சு குடுக்க முடியாது. உனக்கு ஸ்ட்ரெஸ். மனநல கிளினிக்குக்கு எழுதறேன். இங்க கேஸ் முடிஞ்சது."

வீடியோவைக் காட்டினேன். பார்த்தார். "கண்ண நீயாவே ஆட்ட முடியும்ல?"

"எப்படி டாக்டர் முடியும்? நீங்க ஆட்டிக் காட்டுங்க!"

குரல் ஏறிவிட்டது. என் குரல் என் மண்டைக்குள் முழங்க, அறையும் லேசாகச் சாய்ந்தது, மேஜை விளிம்பைப் பிடித்தேன். அவர் பார்வையில் இரக்கம் வந்தது. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கதவருகே நின்ற நர்ஸ், எங்கள் வழக்கில் மிஸ்ஸி, ஓரடி உள்ளே வந்தார். கத்தக் கத்த அந்த ஒற்றை மலாய்ச் சொல்லுக்கு நானே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. இங்கே கேஸ் முடிந்தால் எனக்கு மிச்சம் இருக்கும் ஒரே விளக்கம் தாப்பாவில், செம்பனைக்கு நடுவில் இருக்கிறது. காப்புக்கு இன்னும் ஆறு வாரம்.

வாயை மூடி மூச்சு விட்டேன். பிறகு மெதுவாகச் சொன்னேன்.

"சரி டாக்டர். ஒன்னு மட்டும் செய்யுங்க. நான் இந்த ஸ்கேன் கேட்டேன், நீங்க வேணாம்னு சொன்னீங்க, என்னா காரணம், மூனையும் என் ஃபைல்ல எழுதுங்க. எழுதுனதுல எனக்கு ஒரு காப்பி வேணும். நான் போயிடறேன்."

அவர் கீபோர்டில் கை வைத்தார். எழுதவில்லை. மிஸ்ஸி உத்தரத்தைப் பார்த்தார்.

"என்னா படிச்ச நீ?"

"கம்யூனிகேஷன்."

"அதான்," என்றார். கீபோர்டிலிருந்து கையை எடுத்து, "அடுத்த வியாழன் கடைசி ஆளா வா. பத்து நிமிஷம். நீ ஆட்டல, சத்தம்தான் ஆட்டுதுன்னு என் கண்ணு முன்னாடி காட்டு. முடியலன்னா நான் சொல்ற இடத்துக்குப் போவணும். சரியா?"

"சரி."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். போன் என் கையில் இருந்தால் நான்தான் ஆட்டுகிறேன் என்பார். என் கையில் இல்லாத, எப்போது வரும் எப்போது நிற்கும் என்று எனக்கே தெரியாத சத்தம் வேண்டும். அண்ணன் சோபாவில் மல்லாந்து கிடந்தான்.

"ணே, வியாழக்கிழமை லீவு போடு. உருமி எடுத்துக்கிட்டு வா."

"யாரு செத்தா?"

"ஆஸ்பத்திரிக்கு."

எழுந்து உட்கார்ந்தான். "கிலாவா உனக்கு? பைத்தியம் புடிச்சிருச்சா?"

"அதத்தான் டாக்டரும் கேக்கறாரு. வா, சேந்து பதில் சொல்லுவோம்."

ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா தடுத்தார். உருமியின் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மலாயில், கல்யாண வீடு அடுத்த ரோட்டில் என்றார். டாக்டரின் அப்பாயின்மென்ட் அட்டையைக் காட்டி உள்ளே போனோம். டாக்டர் உருமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்ணனின் மீசையைப் பார்த்தார்.

"டாக்டர், அண்ணன் எனக்குப் பின்னால நிப்பாரு. நீங்க எனக்கு முன்னால. நீங்க விரலத் தூக்குனா அவரு தேய்ப்பாரு, இறக்குனா நிறுத்துவாரு. எனக்குத் தெரியாத மாதிரி செய்யுங்க."

அவர் யோசித்தார். பிறகு அலமாரியிலிருந்து தடித்த கண்ணாடி ஒன்றை எடுத்து எனக்கு மாட்டினார். உள்ளே சிறு விளக்கு. அதைப் போட்டால் வெளியிலிருந்து என் கண் பெரிதாகத் தெரியும், எனக்கோ வெறும் பனிமூட்டம். அறை மறைந்தது. மனிதர்கள் மறைந்தார்கள். என் நாடி, என் மூச்சு, கண்ணுக்குள் நாற்காலி. எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று தெரியாது.

பின்னால் உருமி முனகியது.

கண் இழுபட்டுப் போவது கேட்டது. பனிமூட்டம் சாய்ந்தது. உருமி நின்றது, கண் இறங்கியது. மறுபடி. நின்றது. பிறகு நீண்ட மௌனம், ஏமாற்றிப் பார்க்கிறார். பிறகு சட்டென்று ஒரு சிறு தேய்ப்பு. டாக்டரின் மூச்சு என் முகத்துக்கு மிக அருகில் வந்தது. "மறுபடி," என்றார். அந்தக் குரல் மாறியிருந்தது. "மறுபடி. கொஞ்சம் பலமா."

அப்போது கதவு படாரென்று திறந்தது. மிஸ்ஸியின் குரல்.

"டாக்டர், போதும் டாக்டர்! மருந்து வாங்குற இடத்துல ஒரு அம்மாவுக்கு சாமி வந்துருச்சு!"

அண்ணன் குச்சியைக் கீழே போட்டான். வெளியே யாரோ தலைவிரித்துச் சுழல்வதும், "தண்ணி, தண்ணி" என்று ஆட்கள் ஓடுவதும் கேட்டது. டாக்டர் திரும்பவே இல்லை. என் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இழுப்பறையிலிருந்து இரும்பு இசைக்கவை ஒன்றை எடுத்தார். மேஜையில் தட்டி, குனிந்து, என் வலது கணுக்கால் எலும்பில் அதன் அடியை வைத்தார்.

"எங்க கேக்குது?"

காலில் வைத்தது காதுக்குள் மணியாக அடித்தது. "காதுல. வலது காதுல."

அவர் கவையைக் கீழே வைத்தார். "புக்குல மட்டும்தான் படிச்சிருக்கேன்," என்றார், எங்களிடம் இல்லை, கவையிடம். பிறகு ஸ்கேன் படிவத்தை எடுத்து எழுதினார். மன்னிப்பு கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் பழைய குறிப்புக்குக் கீழே புதிதாக ஒரு வரி அடித்து, திரையை என் பக்கம் திருப்பி, நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

இரண்டு வாரத்தில் படம் வந்தது. இடது காதின் மேல் நகக்கண் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. வலது காதில் அந்தக் கோடு நடுவில் இல்லை.

"இந்தக் கதவு தொறந்து கிடக்கு. மூளைய மூடியிருக்கிற சவ்வு அதுல வந்து உக்காந்திருக்கு," என்றார் டாக்டர். இப்போது அவர் ரொம்ப உற்சாகமாக இருந்தார். "இனி பயம் இல்ல. பெரிய சத்தம் இருக்கிற இடத்துக்குப் போவாத. அது போதும். ஆப்பரேஷன் எல்லாம் தேவைப்படாது."

"டாக்டர், சத்தம் இல்லாத தமிழர் வீடு ஒன்னு காட்டுங்க. அங்கயே குடி போயிடறேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வேலையில் பேச முடியவில்லை, மோட்டோரில் போகும்போது லோரி ஹார்ன் அடித்ததில் ஒருமுறை ரோட்டை விட்டு இறங்கியிருக்கிறேன், இருமப் பயந்து சளியை விழுங்குகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இந்த முறை கத்தவில்லை. கோலாலம்பூரில் இதைச் செய்யும் ஒரு டாக்டருக்குச் சூராட் எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பூசாரி வந்திருந்தார், காப்புக்கு நாள் குறித்துக்கொண்டு. படத்தை மேஜையில் விரித்தேன். ஓட்டையைக் காட்டினேன். சத்தம் உள்ளே போவது, கண் ஆடுவது, உலகம் சாய்வது எல்லாம் விளக்கினேன். பூசாரி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நெடுநேரம் பார்த்தார். அம்மா அவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். அம்மாவின் விரல் அந்த இடைவெளியைத் தொட்டது.

"அப்ப, இந்த வழியாதான் வாராளா?"

பூசாரி மெல்லத் தலையாட்டினார், ஏதோ சந்தேகம் தீர்ந்தவர் மாதிரி.

"மா, யாரும் வரல மா. ஓட்டை. வெறும் ஓட்டை."

"சரி," என்றார் அம்மா. "அத அடைச்சிட்டா, உள்ள இருக்கிறவ எப்படிப் போவா?"

அண்ணன் சோபாவிலிருந்து சொன்னான்: "விடு மா. அவளுக்கு அடுத்த தடவ மோட்டோர்ல சாமி வந்தா யாரு குலவ போடறது?" அம்மா அவனை முறைத்தார். நான் காப்பு வேண்டாம் என்றேன். மூன்று தரம் சொன்னேன், மூன்றாம் தரம் பூசாரியின் கண்ணைப் பார்த்து. அவர் தேதி எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வேணாங்கறவளுக்கு வற்புறுத்திக் கட்டுனா அவளுக்கே ஆவாது," என்றார். யாருக்கு ஆகாது என்று சொல்லவில்லை.

யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் வராததால் எனக்கு ஆப்பரேஷன் சீக்கிரமே கிடைத்தது. படிவத்தில் கையெழுத்துப் போடும்போது என் கை நின்றது. பேனா தாளில் உரசுவதுகூட மண்டைக்குள் கேட்டது. இத்தனை மாதமாக என் உடம்பு முழுவதையும் ஒரு வீடு மாதிரி உள்ளேயிருந்து கேட்டிருக்கிறேன். யாருக்கு அது வாய்க்கும்? அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டேன்.

ஈப்போவுக்குத் திரும்பிய ஐந்தாம் நாள் திருவிழா. காதைச் சுற்றிக் கட்டு, சுவரைப் பிடித்துத்தான் நடை. நான் படுத்திருந்தேன். அண்ணன் கோயிலுக்குப் போயிருந்தான். பிறந்ததிலிருந்து ஒரு திருவிழாவும் தவறவிடாத அம்மா, என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று போகவில்லை. மத்தியானம் அண்ணன் போன் செய்தான். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"மூனு மணி நேரமா அடிக்கிறோம் மா. கை விட்டுப்போச்சு. யாருக்கும் வரல."

"யாருக்குமேவா?"

"ஒரு ஆளுக்கும் வரல. பூசாரி சும்மா உக்காந்திருக்காரு. மேளத்த நிறுத்தவா வேணாமான்னு யாருக்கும் தெரியல."

அம்மா போனை வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். நான் உத்தரத்தைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், மறுபடி உத்தரத்தைப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. கண் நகர்ந்தது, அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அம்மா கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் நெற்றியைத் தொட்டார். பிறகு மெதுவாகக் குனிந்து, என் வலப்பக்கக் கட்டின் மேல் தன் காதை வைத்தார்.

"என்னா மா?"

"ஸ்ஸ்," என்றார். "கொஞ்சம் அசையாம இரு."